சிகிச்சை செய்த பல்லில் மீண்டும் சீழ்: வேர் நுனிச் சத்திரசிகிச்சையால் பல்லைக் காப்பாற்றலாமா?

'பல் போனால் சொல் போச்சு' என்பது நம் முன்னோர் வாக்கு. சொல் மட்டுமன்று, சோறும் அதனோடு போய்விடுகின்றது. நமது கிராமங்களில் நாற்பது வயதுக்குள்ளேயே முன்பற்களை இழந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசும் ஆண்களையும் பெண்களையும் நாம் காண்கின்றோம். இவர்கள் எல்லோரும் பல்லைக் கவனியாது விட்டவர்கள் அல்லர். சிலர் வைத்தியரிடம் போனவர்கள். வேர்வரை துப்புரவு செய்து அடைத்தும் கொண்டவர்கள். ஆயினும் சில மாதங்களோ சில வருடங்களோ சென்றபின், அதே பல்லுக்கு நேரே முரசில் ஒரு சிறு பரு எழும்புகின்றது. அமத்தினால் சீழ் வருகின்றது. சில நாள் அடங்கிக் கிடந்து மறுபடியும் வீங்குகின்றது. மருந்துக்கடையில் குளிசை வாங்கி விழுங்குகிறார்கள், குறைகின்றது, திரும்பவும் வருகின்றது. ஈற்றில், "சிகிச்சை செய்தும் சரிவரவில்லை, இனிப் பிடுங்குவதுதான் வழி" என்று தாமே தீர்மானித்து விடுகிறார்கள்.

இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. சிகிச்சை செய்த பல்லில் மீண்டும் சீழ் வருவதனாலேயே அந்தப் பல் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை. பிடுங்குவதற்கு முன் கேட்டுப் பார்க்க வேண்டிய வழிகள் இரண்டு உள்ளன. அவற்றுள் ஒன்று, வேரின் நுனியை வெட்டி அகற்றிப் பல்லை இருந்த இடத்திலேயே வைத்திருக்கும் சிறு சத்திரசிகிச்சை. அது எப்படிச் செய்யப்படுகின்றது, யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது, இடம்பெயர்ந்தும் மீளக் குடியேறியும் வாழும் குடும்பங்கள் இதில் எதனைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பல்லின் உள்ளே என்ன நடக்கின்றது?

வெளியே தெரியும் பல் முழுப் பல்லின் ஒரு பகுதியே. மரம்போல அதற்கும் வேர் உண்டு. அந்த வேர் தாடை எலும்புக்குள் நிற்கின்றது. பல்லின் மேற்புறம் மிளிரி எனப்படும் மிகக் கடினமான படை. அதன் உள்ளே பன்முதல். அதற்கும் உள்ளே, நடுவில், மச்சை எனப்படும் மெதுவான பகுதி. இரத்தக் குழாய்களும் நரம்பும் இந்த மச்சையிலேதான் இருக்கின்றன. அவை வேரின் நுனியில் உள்ள மிகச் சிறிய துளை வழியாக உள்ளே வருகின்றன. நுனியிலிருந்து மேலே செல்லும் அந்த நுண்ணிய வழியை வேர்க் கால்வாய் என்கின்றோம்.

சூத்தை ஆழமாகப் போகும்போதும், விழுந்து அடிபட்டுப் பல் உடையும்போதும் வாயிலுள்ள கிருமிகள் மச்சையை அடைகின்றன. மச்சை வீங்குகின்றது, விரிய இடமில்லாத கடினமான சுவருக்குள் வீங்குவதனாலேயே பல்லுக்கொதி அத்தனை கொடியதாக இருக்கின்றது. சில நாளில் மச்சை இறந்துவிடும், கொதியும் நின்றுவிடும். "பல்லுக்கொதி மாறிவிட்டது" என்று பலர் நிம்மதி அடைவது இந்தக் கட்டத்திலேதான். உண்மையில் நோய் மாறவில்லை. இறந்த மச்சையில் பெருகிய கிருமிகளும் அவற்றின் நச்சுப் பொருள்களும் நுனித் துளை வழியாகத் தாடை எலும்புக்குள் கசிகின்றன. உடல் அவற்றோடு போராடுகின்றது. அந்தப் போராட்டத்தில் வேர் நுனியைச் சுற்றியுள்ள எலும்பு கரைந்து ஒரு குழி உண்டாகின்றது. அந்தக் குழியில் சீழ் திரளலாம். நாட்பட்ட புண்சதை வளரலாம். சிலருக்கு நீர்ப்பை போன்ற சிஸ்ட் உண்டாகலாம். முரசில் காணும் பரு, அந்தச் சீழ் தனக்கென வெட்டிக்கொண்ட வாய்க்காலின் வாய் ஆகும்.

இது கிருமியின் வேலையே என்பது 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எலிகளைக் கொண்டு செய்யப்பட்ட ஓர் ஆய்வில் தெளிவாயிற்று. கிருமிகள் எவையும் இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளின் பல்லைத் துளைத்து மச்சையைத் திறந்துவிட்டார்கள். உணவு உள்ளே புகுந்தும் அவற்றின் மச்சை சாகவில்லை. பன்முதல் வளர்ந்து புண்ணை மூடிற்று. சாதாரண எலிகளிலோ மச்சை இறந்து சீழ் கட்டிற்று. ஆகவே இந்த நோய்க்குச் செய்யும் எந்தச் சிகிச்சைக்கும் நோக்கம் ஒன்றே: கிருமிகளை அகற்ற வேண்டும்; அவை திரும்பவும் நுழையாதவாறு வழியை அடைக்க வேண்டும்.

குளிசை ஏன் போதாது?

அமொக்சிசிலின், மெட்ரோனிடசோல் போன்ற அன்ரிபயோட்டிக் குளிசைகள் இரத்தத்தின் வழியாகவே உடலின் ஒவ்வோர் இடத்தையும் அடைகின்றன. இறந்த மச்சைக்கு இரத்த ஓட்டம் இல்லை. எனவே மருந்து வேர்க் கால்வாய்க்குள் போய்ச் சேர்வதில்லை. வெளியே பரவிய வீக்கத்தை அது அடக்கும். உள்ளே உள்ள கூட்டைக் கலைக்காது. குளிசை முடிந்ததும் அந்தக் கூட்டிலிருந்து கிருமிகள் மறுபடியும் புறப்படுகின்றன.

வைத்தியர் எழுதித் தந்தால் சொன்னபடி எடுக்க வேண்டும். காய்ச்சலும் பரவும் வீக்கமும் உள்ளவருக்கு அது தேவைப்படும். ஆனால் மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கி, இரண்டு நாள் விழுங்கி, மிச்சத்தை அடுத்த முறைக்கு எடுத்து வைப்பது பல்லையும் காப்பாற்றாது, உடலுக்கும் நல்லதல்ல. அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் அதனால் உருவாகின்றன. கராம்பெண்ணெய் வலியைச் சிறிது நேரம் மறக்கச் செய்யும். அதற்கு மேல் அதனால் ஆவதொன்றுமில்லை. வலி குறைக்கும் குளிசையை முரசில் வைத்து அடக்கினால் முரசு வெந்து புண்ணாகும். அதைச் செய்யக் கூடாது.

முதற் சிகிச்சையும் அது தவறும் இடங்களும்

மச்சை இறந்த பல்லுக்கு முதலிற் செய்வது வேர்க் கால்வாய்ச் சிகிச்சை. 'ரூட் கனால்' என்று பல் வைத்தியர்கள் சொல்வது இதனையே. பல்லின் மேற்புறத்தில் துளையிட்டு, மெல்லிய அரங்களால் கால்வாயைத் துப்புரவு செய்து, கிருமிநாசினியால் கழுவி, நுனிவரை இறப்பர் போன்ற பொருளால் நிரப்பி, மேலே நிரந்தரமாக அடைத்துவிடுவார்கள். பெரும்பாலான பற்கள் இத்துடன் குணமாகின்றன. எலும்புக் குழி மாதக் கணக்கில் மெல்ல நிரம்பி வரும்.

ஆயினும் சில பற்களில் சீழ் நிற்பதில்லை. அதற்குக் காரணங்கள் பல.

ஒன்று, வேர்க் கால்வாய் ஒரு குழாய்போல நேரானதன்று. நுனிக்கு அருகே அது ஆறு கடலிற் சேருமிடத்தில் கிளை பிரிவதுபோலப் பல நுண் கிளைகளாகப் பிரியலாம். அரமும் மருந்தும் எட்டாத கிளையில் கிருமிகள் தங்கிவிடுகின்றன. இரண்டு, ஒரு கால்வாய் முழுவதுமே கண்ணுக்குத் தப்பிவிடலாம். மேல்தாடையின் முதற் கடைவாய்ப் பல்லில் மூன்று வேர்கள் இருந்தாலும் நான்காவது கால்வாய் ஒன்று ஒளிந்திருப்பது சாதாரணம். மூன்று, வேர் நுனியின் வெளிப்புறத்திலேயே கிருமிகள் படலமாக ஒட்டியிருக்கலாம். நான்கு, சிஸ்ட் உண்டாகி இருந்தால் உள்ளே செய்யும் துப்புரவினால் மாத்திரம் அது மறையாதிருக்கலாம்.

ஐந்தாவது காரணம் நம் மக்களுக்கு மிக நெருங்கியது: அரைகுறையாக நின்ற சிகிச்சை. வேர்க் கால்வாய்ச் சிகிச்சை பெரும்பாலும் ஒரே நாளில் முடிவதில்லை. இடையிடையே மேலே வைத்து விடுவது தற்காலிக அடைப்பு. சில கிழமைகளுக்குத்தான் அது நிலைக்கும். பின்பு கரைந்தோ உடைந்தோ போகும். உமிழ்நீரோடு கிருமிகள் திரும்பவும் உள்ளே இறங்கும். 1995ஆம் ஆண்டு வலிகாமத்திலிருந்து புறப்பட்டவர்களும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள்ளே இடம் மாறி மாறி ஓடியவர்களும், அடுத்த தவணைக்கு அதே வைத்தியரிடம் போகக்கூடிய நிலையில் இருக்கவில்லை. நிலம் அமைதியான பின்னரும் விதைப்பு, அறுவடை, கூலி வேலை, பஸ் வசதி என்று தவணை தவறிப் போகின்றது. வலி நின்றதும் 'சரி, போதும்' என்று விட்டுவிடுகின்றோம். சீழ் திரும்பி வருவதற்குப் பல்லின் குற்றமே காரணம் என்று அப்போது சொல்ல முடியாது.

உள்ளே இருந்து அடைப்பதா, வெளியே இருந்து அடைப்பதா?

குளக்கட்டில் நண்டு வளை ஒன்று ஏற்பட்டு நீர் கசிவதாக வைத்துக்கொள்வோம். கமக்காரன் முதலிற் குளத்தின் உட்புறத்தில் வளையின் வாயைத் தேடி அங்கே அடைக்கப் பார்ப்பான். அது இயலாதபோது கட்டின் வெளிப்புறத்தை வெட்டித் திறந்து, வளையின் மறுமுனையைக் கண்டுபிடித்து, களிமண்ணிட்டு இறுக்குவான். பல் வைத்தியர் செய்வதும் இந்த ஒழுங்கிலேயே.

முதல் வழி, உள்ளே இருந்து மீண்டும் செய்வது. பழைய அடைப்பை அகற்றி, கால்வாயைத் திரும்பவும் துப்புரவு செய்து, புதிதாக நிரப்புவார்கள். முதற் சிகிச்சை குறையாக நின்றிருந்தால், அல்லது மேலடைப்புக் கசிந்திருந்தால், இதுவே தகுந்தது. இது இயலுமானால் சத்திரசிகிச்சைக்கு அவசரப்பட வேண்டியதில்லை.

இரண்டாம் வழி, வெளியே இருந்து செய்வது. கால்வாய்க்குள் உலோகக் கம்பி ஊன்றி அதன்மேல் பல் உறை பொருத்தப்பட்டிருக்கலாம். அதைக் கழற்றினால் வேர் வெடித்துவிடும் என்ற பயம் இருக்கலாம். கால்வாய் சுண்ணாம்புபோல இறுகி அடைபட்டிருக்கலாம். துப்புரவு செய்யும்போது முறிந்த அரத்துண்டு ஒன்று நுனியில் சிக்கியிருக்கலாம். உள்ளே இரண்டாம் முறை செய்தும் சீழ் நில்லாதிருக்கலாம். இப்படியான பற்களுக்கே வேர் நுனிச் சத்திரசிகிச்சை. 'எபிசெக்டமி' என்று வைத்தியர்கள் பேசிக்கொள்வதும் உங்கள் கிளினிக் அட்டையில் எழுதுவதும் இதனையே.

சத்திரசிகிச்சை எவ்வாறு செய்யப்படுகின்றது?

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. இதற்கு மயக்கம் கொடுப்பது பெரும்பாலும் தேவைப்படாது. பல் பிடுங்கும்போது போடும் விறைப்பூசியே போதும். ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்லும். சில பற்களுக்குச் சற்றுக் கூடலாம். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம்.

முதலில் எக்ஸ்ரே படம் எடுத்து, வேரின் நீளத்தையும் எலும்புக் குழியின் அளவையும் பார்ப்பார்கள். பின்பு விறைப்பூசி போட்டு, பல்லுக்கு நேரே முரசைக் கீறி, ஒரு மடல்போல விலக்குவார்கள். எலும்பில் சிறு சன்னல் திறந்து வேர் நுனியைக் காண்பார்கள். அங்கே திரண்டுள்ள சீழையும் புண்சதையையும் சுரண்டி எடுப்பார்கள். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்புவதும் உண்டு. வேறு நோய் ஏதும் இல்லை என்று உறுதிப்படுத்துவதற்காகவே அது. யாரும் அதனால் கலங்க வேண்டாம்.

பின்பு வேர் நுனியில் ஏறத்தாழ 3 மில்லிமீற்றரை வெட்டி அகற்றுவார்கள். ஒரு நெல்மணியின் நீளத்தில் ஏறத்தாழ அரைவாசி. 3 மில்லிமீற்றர் என்பதற்குக் காரணம் உண்டு. மேலே சொன்ன நுண் கிளைகளில் மிகப் பெரும்பாலானவை அந்தக் கடைசி 3 மில்லிமீற்றரிலேதான் இருக்கின்றன. அதை வெட்டினால் கிருமிகளின் கூடும் அதனோடு போய்விடும். பல் உறுதியாக நிற்பதற்கு வேண்டிய வேர் மிஞ்சும்.

வெட்டிய முனையில் கால்வாயின் வாய் திறந்திருக்கும். அதற்குள் மேலும் 3 மில்லிமீற்றர் ஆழத்துக்கு, அதிர்வினால் இயங்கும் மிகச் சிறிய முனையைக் கொண்டு துப்புரவு செய்து, நீர் புகாத அடைப்பை வைத்து மூடுவார்கள். இந்த அடைப்பே சிகிச்சையின் உயிர்நாடி. நுனியை வெட்டிவிட்டு வாயை நன்கு அடைக்காது விட்டால், வளையை வெட்டித் திறந்து களிமண் வைக்காமல் வந்த கதையாகிவிடும். ஈற்றில் முரசு மடலைப் பழைய இடத்தில் வைத்துத் தையல் போடுவார்கள்.

நுனியை அடைக்கும் சீமெந்து

முற்காலத்தில் இந்த அடைப்புக்கு, பல் அடைக்கும் இரசக்கலவையையே பயன்படுத்தினார்கள். நீரும் இரத்தமும் கசியும் இடத்தில் அது நன்றாக ஒட்டவில்லை. காலப்போக்கில் ஓரங்களில் கசிவு உண்டாயிற்று. 1993ஆம் ஆண்டில், கலிபோர்னியாவில் ஏழாம் நாள் அட்வென்ற் சபையார் நடத்தும் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில், மஹ்மூத் தொராபினெஜாத் என்ற பேராசிரியரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு புதிய பொருளை அறிமுகம் செய்தனர். 'எம்.ரீ.ஏ.' என்று அதனைச் சுருக்கமாகச் சொல்வார்கள். அதன் அடிப்படை, வீடு கட்டும் போட்லண்ட் சீமெந்தின் சுத்திகரிக்கப்பட்ட வடிவமே. எக்ஸ்ரே படத்தில் தெரிவதற்காக பிஸ்மத் ஒட்சைட்டு அதிற் கலக்கப்படுகின்றது.

கிணற்றுக்கு வளையம் இறக்கியவர்களுக்கு இதன் சிறப்பு இலகுவில் விளங்கும். சீமெந்து இறுகுவதற்கு ஈரம் வேண்டும். ஈரம் நீங்காத தாடை எலும்புக்குள்ளும் எம்.ரீ.ஏ. சில மணி நேரத்தில் இறுகிக் கல்லாகிவிடுகின்றது. அதனைச் சுற்றி உடல் புதிய எலும்பையும் வளர விடுகின்றது. மருந்துக்கென வேறாகச் சுத்திகரிக்கப்பட்ட பொருள் இது. கட்டடச் சீமெந்தைப் பல்லில் வைத்துப் பார்க்க எவரும் எண்ணிவிடக் கூடாது.

எவ்வளவு பலன் கிடைக்கும்?

உலகின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த கணிப்பொன்று 2010ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பழைய முறையில், வெறுங்கண்ணால் பார்த்து, பெரிய துளையிட்டு, இரசக்கலவையால் அடைத்த சத்திரசிகிச்சைகளில் 100க்கு 59 வெற்றியடைந்தன. நுணுக்குக்காட்டியால் பெரிதாக்கிப் பார்த்து, சிறு முனைகளால் துப்புரவு செய்து, எம்.ரீ.ஏ. போன்ற புதிய பொருள்களால் அடைத்தவற்றில் 100க்கு 94 வெற்றியடைந்தன. தகுந்த பற்களைத் தெரிந்தெடுத்து, பயிற்சி பெற்றவர்கள் செய்த சிகிச்சைகளின் கணக்கு இது என்பதனையும் மறக்கக் கூடாது. 'அந்தக் காலத்தில் இன்னாருக்குச் செய்து சரிவரவில்லை' என்ற பேச்சைக் கேட்டு மட்டும் இன்று தீர்மானம் எடுக்க வேண்டாம் என்பதே இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம்.

எல்லாப் பல்லுக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. வேர் நெடுக வெடித்திருந்தால் எந்தச் சத்திரசிகிச்சையும் உதவாது. முரசு நோயினால் சுற்றியுள்ள எலும்பு கரைந்து பல் ஆடிக்கொண்டிருந்தாலும், வேர் ஏற்கெனவே கட்டையாக இருந்தாலும், மேலே அடைப்பதற்குப் பல்லே மிஞ்சாதிருந்தாலும் பிடுங்குவதே நேர்மையான சிகிச்சை. அப்படிச் சொல்லும் வைத்தியரைக் குறை கூறக் கூடாது.

பல் நிற்கும் இடமும் முக்கியம். மேல்தாடை முன்பற்களில் இது இலகுவாகச் செய்யப்படும். முகத்தோற்றத்துக்கும் பேச்சுக்கும் வேண்டிய பற்களும் அவையே. மேற்கடைவாய்ப் பற்களின் வேர்கள் கன்னத்து எலும்பறைக்கு அருகே நிற்கின்றன. கீழ்க்கடைவாய்ப் பற்களின் வேர்களுக்கு அருகே கீழுதட்டுக்குப் போகும் நரம்பு ஓடுகின்றது. அது தாக்கப்பட்டால் உதடு விறைத்துப் போகும். பெரும்பாலும் அது காலப்போக்கில் மாறும். அரிதாக நிலைத்துவிடுவதும் உண்டு. ஆகவே கடைவாய்ப் பற்களுக்கு இதனைச் செய்வதா என்பதை விசேட வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

சலரோகம், உயர் இரத்த அழுத்தம், இருதய வால்வு நோய் உள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்கக் குளிசை எடுப்பவர்களும், எலும்புத் தேய்வுக்கு மருந்து பாவிப்பவர்களும், கர்ப்பிணித் தாய்மாரும் அதனை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எந்த மருந்தாவது முன்னர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதையும் சொல்ல வேண்டும். தாமாகவே எந்தக் குளிசையையும் நிறுத்தக் கூடாது.

வீட்டுக்கு வந்த பின்

முதல் நாள், துணியிற் சுற்றிய ஐஸ் கட்டியைக் கன்னத்தின் வெளியே இடைவிட்டு இடைவிட்டு வைத்தால் வீக்கம் குறையும். இரண்டாம் மூன்றாம் நாள்களில் வீக்கம் கூடுவது வழக்கம். அதன்பின் வற்றத் தொடங்கும். தையலைப் பார்ப்பதற்காக உதட்டை இழுத்து உயர்த்தக் கூடாது. முதல் நாள் பலமாகக் கொப்பளிக்கக் கூடாது. மறுநாளிலிருந்து இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரால் மெதுவாகக் கொப்பளிக்கலாம். கஞ்சி, மசித்த சோறு போன்ற மெதுவான உணவே நல்லது. புகைத்தலும் வெற்றிலை பாக்கும் புண் ஆறுவதைக் கெடுக்கும். மண்வெட்டி பிடிக்கும் வேலையையும் மூட்டை தூக்குவதையும் சில நாள் தள்ளி வைக்க வேண்டும். ஆகவே இயலுமானால் விதைப்பும் அறுவடையும் இல்லாத நாளைக் கேட்டுப் பெறுங்கள்.

தையல் வெட்டுவதற்குச் சில நாளில் போக வேண்டும். அத்துடன் வேலை முடிந்துவிடாது. முரசு ஒரு கிழமையில் ஆறினாலும் எலும்பு நிரம்புவதற்கு மாதங்கள் செல்லும். ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் மீண்டும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாலே குணமாகின்றதா என்பது தெரியும். வலியில்லை என்பது மட்டும் குணத்துக்கு அடையாளமல்ல.

இடம் மாறி வாழும் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

1. கிளினிக் அட்டையையும் எக்ஸ்ரே படத்தையும் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் வைக்கும் அதே பையில் வைத்துக்கொள்ளுங்கள். படம் கையடக்கத் தொலைபேசியில் மட்டும் இருந்தால் அதனைப் பிள்ளைகளின் தொலைபேசிக்கும் அனுப்பி வையுங்கள். பழைய படம் இருந்தால்தான் குழி பெருத்ததா, சிறுத்ததா என்று புதிய வைத்தியர் சொல்ல முடியும்.

2. வேறு ஊருக்குப் போக நேருமென்று தெரிந்தால் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். எந்தப் பல்லுக்கு எதுவரை செய்தது என்பதை எழுதித் தருவார். தற்காலிக அடைப்புக்குப் பதிலாக நீடித்து நிற்கும் அடைப்பை வைத்துவிடவும் கூடும்.

3. முதலில் உங்களுக்கு அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தேவையானால் அங்கிருந்து கடிதம் தந்து விசேட வைத்தியரிடம் அனுப்புவார்கள். கொழும்பிலும் பேராதனையிலும் உள்ள பல் போதனா வைத்தியசாலைகளில் இதற்கான விசேட பிரிவுகள் உண்டு. உங்கள் மாகாணத்துப் போதனா வைத்தியசாலையில் இதனைச் செய்கின்றார்களா என்பதை முதலிற் கேட்டறிந்தால் தூரப் பயணம் மிஞ்சும்.

4. அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. ஆனால் பயணச் செலவும் இழக்கும் நாட்கூலியும் உண்டு. சில வேளைகளில் ஒரு பொருளை வெளியே வாங்கித் தரும்படியும் கேட்கலாம். எத்தனை முறை வர வேண்டும், எதனை வாங்க வேண்டும் என்பதை ஆரம்பத்திலேயே கேளுங்கள். கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் ஒரே நாளில் பலரைச் சேர்த்து அனுப்பினால் வாகனச் செலவு பங்கிடப்படும்.

5. வைத்தியரிடம் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: "இந்தப் பல்லை உள்ளே திரும்பவும் செய்ய முடியுமா? முடியாவிட்டால் வேர் நுனியில் சத்திரசிகிச்சை செய்ய முடியுமா? இரண்டும் முடியாதென்றால் காரணம் என்ன?" மரியாதையோடு கேட்கும் கேள்விக்கு எவரும் கோபிக்க மாட்டார்கள்.

உடனே போக வேண்டிய நேரம்

முரசில் சிறு பரு இருக்கும்போது சில நாள் பொறுத்துத் தவணை எடுத்துப் போகலாம். ஆனால் வீக்கம் தாடையின் கீழே கழுத்துக்கு இறங்கினாலோ, கண் மூடும் அளவுக்கு மேலேறினாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தாலோ, கடுங்காய்ச்சல் கண்டாலோ, அது இரவாயினும் உடனே பெரிய வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கழுத்துக்குப் பரவும் சீழ் மூச்சுக் குழாயை நெருக்கி உயிரையே எடுத்துவிடும். வீங்கிய கன்னத்துக்கு வெளியே சூட்டு ஒத்தடம் கொடுப்பதும், ஊசியால் குத்திச் சீழ் எடுக்க முயல்வதும் ஆபத்தானவை.

ஒரு பல்லின் மதிப்பு

249ஆம் ஆண்டில் அலெக்சாந்திரியா நகரில், விசுவாசத்துக்காகப் பற்கள் உடைக்கப்பட்டு உயிர் துறந்த புனித அப்பொலோனியாவைத் திருச்சபை பல்நோயாளரின் பாதுகாவலியாகக் கொள்கின்றது. பெப்ரவரி 9ஆம் திகதி அவரது திருநாள். அவரிடம் மன்றாடுவது நல்லது. மன்றாடிவிட்டுத் தவணை நாளில் வைத்தியசாலைக்குப் போவது இன்னும் நல்லது. வைத்தியனின் அறிவும் இறைவனின் கொடையே.

பணமுள்ளவரின் பல்லுக்குப் பல சிகிச்சைகள், ஏழையின் பல்லுக்குக் குறடு மட்டும் என்ற வழக்கத்தை நாம் இயற்கையென ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. பிடுங்கிய இடத்தில் செயற்கைப் பல் கட்டலாம். அதற்கும் செலவுண்டு, பராமரிப்பும் உண்டு, சொந்தப் பல்லுக்கு அது ஈடாகாது. வீட்டையும் காணியையும் விட்டு வந்தவர்களுக்கு, 'போனது போகட்டும்' என்ற எண்ணம் தம் உடலின் மீதும் வந்துவிடுகின்றது. அதற்கு இடங்கொடாதிருப்போம். காப்பாற்றக்கூடிய பல்லைக் காப்பாற்றுவோம். தொடங்கிய சிகிச்சையை முடிப்போம். உங்கள் வீட்டில் யாருக்காவது முரசில் அந்தச் சிறு பரு இருக்கின்றதா என்று இன்றைக்கே வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். இருந்தால், இந்தக் கிழமைக்குள் பற்சிகிச்சைப் பிரிவில் பதிவு செய்யுங்கள்.